மேலிருந்து கீழாக எட்டு ஸ்டிக்கர்

பிப்ரவரி 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாதி குடித்துவிட்டு வைத்துப்போன காப்பி மட்டும்தான் நலமாக இல்லை. மாடிப்படியின் இரண்டாவது படியில் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. எடுத்துக் கழுவ யாருக்கும் மனம் வரவில்லை.

எனக்குக் கண் சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள்தான் எழுதுகிறாள். என் மருமகள் ஆயிற்றே, சொல்வதையெல்லாம் எழுதுவாள் என்று நினைத்தேன். இரண்டு வார்த்தையை எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். போனில் பேசலாமே என்றாள். போன் என்றால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு மறந்திருக்கும். பதினொன்றே காலுக்கு வந்தீர்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை. வாசலில் கழற்றிய இடது செருப்பு கவிழ்ந்து கிடந்தது, நான்தான் நிமிர்த்தி வைத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் போடுகிற சார்ஜிங் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தீர்கள். கூரையில் இருபத்து நான்கு சோலார் பலகை, கீழே வண்டிகளுக்கு மூன்று சார்ஜர். "பரவாயில்லையே" என்றீர்கள். உங்கள் வாயில் அந்த வார்த்தை வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், வீட்டுக்குள் போய் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அலமாரியைத் திறந்தீர்கள். யார் திறக்கச் சொன்னது?

"என்னங்க இது, படிக்கட்டுக்குக் கீழ பேட்டரிய வச்சிருக்கீங்க? தீப்பிடிச்சா மேல இருக்கறவங்க எப்படி இறங்குவாங்க, றெக்கை கட்டிக்கிட்டா?"

"நாப்பத்திரண்டு வருஷமா வயரிங் பண்றேன் சம்பந்தி. நான் வயர் இழுத்த வீடு ஒண்ணுகூட எரிஞ்சதில்ல."

"அந்தக் காலத்து வீட்ல கரண்ட் ஒரு பக்கமா வரும். மெயினை இறக்கினா போயிடும். இங்க மூணு பக்கமும் வருது. புது விதியப் படிச்சீங்களா, இல்லையா?"

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. விதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு ———— ———— என்றேன். நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஆய்வாளராக வந்து, ஓர் அச்சகத்தில் எர்த் வயர் குட்டை என்று என் வேலையைத் தள்ளியவர் நீங்கள்தான். அப்போது உங்களுக்கு மீசை உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே உங்களை அடையாளம் கண்டுகொண்டேன். கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் இருபதாம் தேதி மின் ஆய்வாளர் வருகிறார். அவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் ஏப்ரல் ஒன்றிலிருந்து பால் கம்பெனியின் ஆறு வண்டிகள் நம் கொட்டகையில் சார்ஜ் ஏற்றும். இல்லை என்றால் பெரிய ரோட்டில் இருக்கிற இன்னொரு கொட்டகைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு கூப்பிட்டாலும் வராது. உங்கள் மகள் வேலையை விட்டுவிட்டு ஏழு மாதமாக இதற்காக அலைகிறாள். நம் இரண்டு பேர் சண்டையில் அவள் நசுங்கக் கூடாது. புது விதி என்ன சொல்கிறது என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். அவள் வாசிப்பாள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(கண் சரியில்லாததால் மருமகள் கையெழுத்து)


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பார்வை: தங்களின் 4-2 தேதியிட்ட கடிதம்.

மகளே, சிரிக்காமல் வாசி. முப்பத்து நான்கு வருட ஆய்வாளர் உத்தியோகம், கை தானாக அப்படித்தான் எழுதுகிறது.

முதலாவதாக, நான் கோபித்துக்கொண்டு காப்பியை வைக்கவில்லை. அதில் சர்க்கரை இருந்தது. டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். அடுத்து, கோடு போட்ட இடங்களில் நான் எழுதிப் பார்த்த இரண்டு வார்த்தைகளை என் மனைவி படித்துவிட்டு, "அவர் இவ்வளவு மோசமாச் சொல்லியிருக்க மாட்டார்" என்றாள். இருக்கட்டும்.

விதிக் குழுவில் நான் இருப்பது ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். பழைய விதி எழுதப்பட்டபோது வீட்டுக்குள் கரண்ட் வர ஒரே வழிதான். இப்போது கூரை தயாரிக்கிறது, பேட்டரி சேர்த்து வைக்கிறது, வண்டி குடிக்கிறது. ஆகவே புது விதி இவ்வளவுதான். பேட்டரி படிக்கட்டுக்கு அடியிலோ படுக்கையறையிலோ இருக்கக் கூடாது. அதற்குத் தனி அறை, காற்றுப் போக்குவரத்து, புகை மணி வேண்டும். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனித்தனியாக, கரண்ட் கசிந்தால் தானே விழுகிற கசிவு பிரேக்கர் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒன்று என்ற உங்கள் சிக்கனம் செல்லாது. தெருவிலிருந்தே எல்லாவற்றையும் நிறுத்த ஓர் அவசர சுவிட்ச் வேண்டும். தீயணைப்பு வண்டியில் வருகிறவர் உங்கள் அலமாரியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எந்த சுவிட்ச் எதை நிறுத்தும் என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அந்த எழுத்து வேலையை நானே செய்துவிட்டேன். வெயிலில் வெளுக்காத எட்டு ஸ்டிக்கர்கள் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாக வரிசையாக உள்ளன. முதலாவது மெயின் சுவிட்சுக்கு. இரண்டாவது கூரை சோலார் சுவிட்சுக்கு. மூன்றாவது பேட்டரி சுவிட்சுக்கு. நான்கு, ஐந்து, ஆறு சார்ஜர்களுக்கு. ஏழாவது தெருப்பக்க அவசர சுவிட்சுக்கு. எட்டாவது பேட்டரி அறைக் கதவுக்கு. சுவர் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். உங்கள் கையாலேயே ஒட்டுங்கள். என் மகளை ஏணியில் ஏற்றாதீர்கள்.

ஆய்வு முடியும்வரை நான் அங்கே வரமாட்டேன். வருகிற ஆய்வாளர் என்னிடம் உதவியாளராக இருந்தவர். நான் நின்றால் குறை சொல்லக் கூச்சப்படுவார். குறை இருந்தால் அவர் சொல்லத்தான் வேண்டும்.

அச்சகம் எனக்கு நினைவில்லை. எர்த் வயர் குட்டையாக இருந்திருந்தால் தள்ளியிருப்பேன். இன்றைக்கும் தள்ளுவேன்.

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 2

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். பேட்டரி இடம் மாறிவிட்டது. நான்கு பேர் தூக்கினோம், உங்கள் மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குப் பின்னால் செங்கல் அறை கட்டி, மேலும் கீழும் காற்றுக்கு ஓட்டை விட்டு, புகை மணி மாட்டியாயிற்று. அதன் முதல் வேலை என்னைக் காட்டிக்கொடுத்ததுதான். அறைக்குள் நின்று ஒரு பீடி பற்றவைத்தேன். அது கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். பீடியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டேன். சட்டை போயிற்று.

சிரித்துவிட்டீர்களா? சரி, இப்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். மெயினை இறக்கிவிட்டு, நாற்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் கூரை வயரைத் தொடப் போனேன். உங்கள் கடிதம் காதில் கேட்டது. கையை இழுத்துக்கொண்டு டெஸ்டரை வைத்தேன். உயிர் இருந்தது சம்பந்தி. மெயின் செத்துக் கிடக்கிறது, வயர் உயிரோடு இருக்கிறது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விதியில் நீங்கள் சொன்னது சரி. சொன்ன தோரணை சரியில்லை. இரண்டும் வேறு வேறு.

மூன்று சார்ஜருக்கும் மூன்று பிரேக்கர் போட்டாயிற்று. தெருப்பக்கச் சுவரில் அவசர சுவிட்ச், இடுப்பு உயரத்தில். உங்கள் ஸ்டிக்கர்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. உறையிலிருந்து எடுத்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன், யாரையும் தொட விடவில்லை. மெயின், கூரை, பேட்டரி, சார்ஜர் மூன்று, தெரு சுவிட்ச், அறைக் கதவு. பாருங்கள், தாளைப் பார்க்காமலே சொல்கிறேன். இரண்டு நாளாகக் காலம் தப்பிய மழை, பெயின்ட் காயவில்லை. ஆய்வு அன்று காலையில் ஒட்டிவிடுவேன். என் கையாலேயே.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(கண் சரியில்லாததால் மருமகள் கையெழுத்து)


மார்ச் 23

சம்பந்தி,

என் பழைய உதவியாளர் போன் செய்தார். அறிக்கையை வாசித்துக் காட்டினார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேட்டரி என்று எழுதியிருந்த சுவிட்சை அவர் இறக்கியிருக்கிறார். பேட்டரி அறைக்குப் போய் வயரில் டெஸ்டரை வைத்தால் உயிர் இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கூரை நின்றிருக்கிறது. சோலார் என்று எழுதியதை இறக்கினால் பேட்டரி நிற்கிறது. "சார், பெரியவர்கிட்டக் கேட்டேன். வயர்ல தப்பே இருக்காதுன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டார்" என்கிறார். டெஸ்டர் வைக்காமல் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மனிதருக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

குழாய்க்குள் வயர்களை மாற்றி இழுத்துவிட்டீர்கள். நாற்பத்திரண்டு வருடம் என்று என்னிடம் மார்தட்டியவர் கூரைக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாமல் இழுத்திருக்கிறீர்கள். அத்தனையையும் உருவி மறுபடியும் இழுக்க இரண்டு வாரமாவது ஆகும். ஏப்ரல் ஒன்று போயிற்று. பால் வண்டிகள் போயின. அன்றைக்கு மகளும் மாப்பிள்ளையும் கம்பெனியில் கையெழுத்து வாங்கப் போயிருந்தார்களாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இப்போது அவள் என்ன செய்வாள்?

தப்பு எப்படி நடந்தது என்று எழுத்தில் கொடுத்தால்தான் மறு ஆய்வு உண்டு. எழுதுங்கள்.


மார்ச் 25

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடமே கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் வந்து சேரட்டும் என்று.

வயர் சரி. ஸ்டிக்கர் தப்பு.

இதைச் சொல்லிவிட்டு எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். உங்கள் மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவசரப்படுத்தவில்லை. அவள் அன்று மத்தியானம் திரும்பி வந்து சுவிட்ச் பலகையின் முன்னால் நின்றதுமே புரிந்துகொண்டாள். "மாமா, ரெண்டாவதும் மூணாவதும் இடம் மாறியிருக்கு" என்றாள், மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காதபடி.

இன்று காலையில் ஒரு யோசனையும் சொன்னாள். "பசை விட்டுப் போச்சு, அவசரத்துல மாத்தி ஒட்டிட்டோம்னு எழுதிடறேன் மாமா. அப்பா நம்பிடுவாரு."

"அவர் நம்பலாம்மா. நாளைக்கு உன் கொட்டகைல எதுனா ஒண்ணுன்னா, அவசரக்காரன் வேலைன்னு முதல்ல என் வயரைத்தான் உருவச் சொல்வாரு. உள்ளதையே எழுது."

எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. படிக்கத்தான் தெரியாது.

எழுதிவிட்டாள். இனிப் பேச்சு சுலபமாக வருகிறது. ஒன்பது வயதில் கம்பிக்கட்டு தூக்க வந்தவன், பள்ளிக்கூடத்தின் பக்கம் போனது அதற்கு வயரிங் செய்யத்தான். நான் எதையும் தலையில் வைத்துக்கொள்வேன். எந்த வீட்டில் எந்தச் சுவரில் எத்தனை வளைவு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். கையெழுத்துப் போட எப்போதும் ஒரு கான்டிராக்டர் இருந்தார். பிறகு என் பிள்ளை லைசென்ஸ் வாங்கினான். அச்சகத்தில் நீங்கள் நீட்டிய தாளை நான் பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்தேன், நினைவிருக்காது. திமிர் பிடித்தவன் என்று முறைத்தீர்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில் மேஸ்திரி வாசித்துக் காட்டிய பிறகுதான் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்றே தெரிந்தது.

உங்கள் மகளுக்கு ஐந்து வருடமாகத் தெரியும். கல்யாணமான முதல் மாதம் ஒரு சீட்டில் எழுதிக் கடைக்கு அனுப்பினாள். வெறுங்கையோடு வந்து கடை மூடியிருக்கிறது என்றேன். எதிர்வீட்டுத் தையல்காரர் அப்போதுதான் அந்தக் கடையிலிருந்து பை நிறையச் சாமானோடு வந்தார். அடுத்த சீட்டில் ஒரு சோப்பு, ஒரு பல்பு, ஒரு விளக்குமாறு வரைந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு வருகிற சீட்டெல்லாம் படம்தான். பெற்ற அப்பாவிடம்கூட இதை அவள் சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் எழுதிய வரிசை என் தலையில் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. உறையிலிருந்து எடுத்த அடுக்கை நான் குலைக்கவே இல்லை. மேலிருந்து இரண்டாவதை எடுத்துக் கூரை சுவிட்சில் ஒட்டினேன், மூன்றாவதைப் பேட்டரி சுவிட்சில். எப்படி மாறியது? வயதாகிவிட்டதோ என்று ஐந்து நாளாக எனக்கு என் தலை மேலேயே பயம்.

இன்னொன்று. பால் வண்டி ஓட்டுநர்கள் வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, அவரும் என் ஆள். தலையை ஆட்டினார், கண் எழுத்தின் மேல் நிற்கவில்லை. புகை வந்தால் முதலில் அங்கே நிற்கப்போவது அவர்தான். உங்கள் விதியில் எங்களுக்கு ஒரு மூலை உண்டா?

அந்த ஆய்வாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவருடைய பெண்களை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(மருமகள் கையெழுத்து)


மார்ச் 27

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்கு.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்த ஸ்டிக்கரை உறையில போட்ட அப்புறம் வெளிய எடுத்து எனக்குக் காட்டினீங்களே, எழுத்து எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாருன்னு?"

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டை உருவிக் காட்டினீங்க. திருப்பி வைக்கும்போது மேல கீழ மாத்தி வச்சீங்க. நான் சொன்னேன். நீங்க உங்க எழுத்தையே ரசிச்சிட்டு இருந்தீங்க."

சம்பந்தி, மேலிருந்து கீழாக வரிசையாக உள்ளன என்று உங்களுக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான். நீங்கள் அதை அப்படியே நம்பி, ஒரு மாதம் டப்பாவில் குலையாமல் காப்பாற்றி, நான் செய்த தப்பைத் துளி மாறாமல் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். பிறகு நானே உங்களைத் திட்டியும் எழுதினேன்.

என் உதவியாளருக்கு நானே போன் செய்து தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "சார், நீங்களா!" என்று சிரித்தார், தேவைக்கு அதிகமாகவே. எழுத்திலும் கொடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி வருகிறார். இரண்டு ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டுங்கள். வயரில் கை வைக்காதீர்கள்.

சண்டை போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் "படிச்சீங்களா" என்று கேட்டேன். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். தெரியாவிட்டாலும் அந்தக் குரலில் கேட்டிருக்கக் கூடாது.

பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். அச்சகம் கிடைத்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "எர்த் வயர் ஒரு சாண் குட்டை. நிராகரிப்பு. மற்ற வேலை மிகச் சுத்தம், இந்த வட்டாரத்தில் இப்படிப் பார்த்ததில்லை. வயர்மேன் முரடர். பெயர் கேட்க விட்டுப்போயிற்று."

ஏப்ரல் எட்டாம் தேதி விதிக் குழு கூடுகிறது. எழுத்தோடு படமும் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்தப் போகிறேன். இருவர் எதிர்ப்பார்கள், அதில் ஒருவர் எதையுமே எதிர்ப்பார். கையோடு காட்ட மாதிரி வேண்டும். கூரைக்காக ஒரு சூரியன் வரைந்து இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கவும்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன், நீங்கள் அனுப்பியது நண்டு. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் காட்டினேன். அவர் சிலந்தி என்கிறார். பால் வண்டி ஓட்டுநர், அந்த என் ஆள், அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டா கடிக்குமா பெரியவரே?" என்றார். ஆகவே உங்கள் மகள் வேறு வரைந்துவிட்டாள். ஒரு சூரியன், ஒரு பேட்டரிப் பெட்டி, ஒரு வண்டி, தெரு சுவிட்சுக்கு விரித்த கை. ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அந்த ஓட்டுநரை நிறுத்தி, "பேட்டரிய நிறுத்துங்க" என்றேன். நேராகப் போய்ச் சரியான சுவிட்சைப் பிடித்தார். எட்டாம் தேதி குழுவுக்கு அந்தப் படங்களை எடுத்துப்போங்கள். நண்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

முப்பதாம் தேதி ஆய்வாளர் வந்தார். மூன்று சுவிட்சையும் மூன்று தடவை இறக்கி ஏற்றினார். தெருவில் நின்று அவசர சுவிட்சை அடித்தார், கொட்டகை முழுக்க அமைதியாயிற்று. எர்த் வயரை இழுத்துப் பார்த்தார். ஒரு சாண் நீளமாகவே விட்டிருந்தேன், இருபத்தெட்டு வருடமாக எல்லா இடத்திலும் அப்படித்தான் விடுகிறேன். பிறகு படிவத்தை நீட்டினார். புது விதிப்படி வயர் இழுத்தவரும் அதில் கையொப்பம் வைக்க வேண்டுமாம். உங்கள் மாப்பிள்ளை பேனாவை எடுத்தான். "இழுத்தது நான்" என்றேன். அந்த மனிதர் பையைத் துழாவி மை டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். உங்களிடம் வேலை கற்றவர் என்று அப்போது தெரிந்தது. குரல் மட்டும் உங்களுடையது இல்லை.

நேற்று ஆறு மணிக்கு முதல் பால் வண்டி வந்தது. இப்போது மூன்று சார்ஜரில் நிற்கின்றன, மூன்று காத்திருக்கின்றன. உங்கள் மகள் காலையிலிருந்து உட்காரவே இல்லை. இந்தக் கடிதத்தைக்கூட நின்றுகொண்டேதான் எழுதுகிறாள். நடுவில் இரண்டு தடவை ஓடிப்போய் வந்தாள்.

இனி உங்களுக்கு வரத் தடை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அவர்கள் வந்தால்தான் நீங்கள் செய்ததை முழுசாகக் கேட்க முடியும். காப்பியில் சர்க்கரை இருக்காது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அலமாரியைத் திறந்து பார்க்கலாம், நானே திறந்துவிடுகிறேன். உள்ளே வெறும் குடையும், சட்டைப்பை எரிந்த அந்தச் சட்டையும்தான் இருக்கின்றன.

முதல் கடிதத்தில் கோடு போட்ட இரண்டு வார்த்தைகளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நண்டுக்காக வேறு இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன்.

இத்தனை நாள் கண் சரியில்லை என்று உங்கள் மகளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் அவள் போடவில்லை. கீழே இருப்பது என் கட்டைவிரல். மை இல்லை, மூன்றாவது சார்ஜரின் கிரீஸ். கழுவினாலும் போகாது.

இப்படிக்கு,